வேலூர் பக்கம் நர்ஸ், லேப், பார்மஸி ஆட்கள்: வேலையில் சேர்ந்த பிறகு படிப்பது எப்படி?

குடியாத்தம்_சிஸ்டர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் ஒரு தனியார் நர்சிங்ஹோமில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜி.என்.எம். படித்தவள். அடுத்த வருஷம் நர்ஸ் பதிவுக்கு ரினியூவல் வருகிறது. 5 வருஷத்துக்கு 150 மணி நேரம் சி.என்.இ. (நர்சிங் தொடர்கல்வி) என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் கணக்கு. மாசத்துக்கு ரெண்டரை மணி நேரம் என்று வகுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை போலத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியில் ஷிஃப்டுக்கு மூன்று பேர். ஒருத்தி லீவு போட்டால் இன்னொருத்திக்கு டபுள் டூட்டி. வகுப்புகள் எல்லாம் காலை 9 மணிக்கு வேலூரிலோ சென்னையிலோ தொடங்கும். நைட் முடித்து, ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டு, எந்த பஸ்ஸைப் பிடித்து எப்படிப் போய்ச் சேருவது?

இந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது. 1909-லேயே நர்சிங் பள்ளி வந்த ஊர், 1946-ல் நர்சிங்கில் டிகிரியே கொடுக்க ஆரம்பித்த ஊர் வேலூர். எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்கிப் படிக்கிறார்கள். நமக்கு டவுன் பஸ் தூரம், ஆனால் கைக்கு எட்டவில்லை.

வெளியே சின்ன ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? நிர்வாகத்திடம் எப்படிக் கேட்டீர்கள்? ஓ.டி. (டூட்டிக் கணக்கிலேயே வகுப்புக்குப் போக அனுமதி) கொடுக்கிறார்களா, சொந்த லீவா? சர்டிஃபிகேட் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் கேட்கவில்லை. நிஜமாகவே எதையாவது கற்றுக்கொள்ள வழி இருக்கிறதா என்றும் கேட்கிறேன்.

நைட்_டூட்டி_நிரந்தரம்

ஆன்லைன்தான் சிஸ்டர் வழி. லிங்க்கைத் திறந்து, கேமராவை ஆஃப் பண்ணி, போனை மிக்ஸி பக்கத்துல வெச்சிடுங்க. ரசம் கொதிக்கறதுக்குள்ள "தொற்றுத் தடுப்பு" முடிஞ்சிரும், குக்கர் விசில் வர்றதுக்குள்ள "நோயாளி பாதுகாப்பு" முடிஞ்சிரும். கடைசியா கூகுள் ஃபார்ம்ல பத்து கேள்வி. பதிலை யாராவது வாட்ஸ்அப் குரூப்புல போட்ருவாங்க. பேரை மட்டும் ஸ்பெல்லிங் தப்பில்லாம அடிங்க, சர்டிஃபிகேட்ல அப்படியே வரும்.

கிண்டலா எழுதறேன்னு நினைக்காதீங்க. எங்க வார்டுல பாதிப் பேர் இப்படித்தான். வேற வழி சொல்லுங்க, மாத்திக்கிறோம்.

ரிட்டயர்டு_மேட்ரன்

இதைப் படித்ததும் எனக்கு மனசு ஆறவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் இருந்தவள் நான். எங்கள் காலத்தில் கிரெடிட் அவர் என்று ஒன்றும் கிடையாது. வார்டு சிஸ்டர் காலை ரவுண்ட்ஸில் ஒரு நோயாளியின் படுக்கை ஓரத்தில் நிறுத்தி, "இந்த ஆளுக்கு ஏன் பொட்டாசியம் ஓடுது, சொல்லு" என்று கேட்பார். தெரியவில்லை என்றால் மதியம் படித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அதுதான் தொடர்கல்வி. இப்போது படிப்பை மணிக்கணக்கில் அளக்கிறார்கள், அளந்த மணி நேரத்தில் ரசம் வைக்கிறீர்கள்.

இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்துவதை ஸ்பீக்கரில் கேட்டுப் படிக்க முடியுமா? நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6-க்கு மேல் போகாமல். வாயால் சொல்ல யாராலும் முடியும். டம்மியின் மேல் இரண்டு நிமிஷம் விடாமல் அழுத்திப் பாருங்கள், ஒரு நிமிஷம் தாண்டியதுமே ஆழம் குறைய ஆரம்பிக்கும். அழுத்துகிறவருக்கு அது தெரியாது, பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

நைட்_டூட்டி_நிரந்தரம்

மேடம், நீங்க சொல்றது சரி. ஆனா உங்க வார்டு சிஸ்டருக்கு நின்னு கேள்வி கேக்க நேரம் இருந்துச்சு. இப்ப எங்க இன்சார்ஜ் காலையில பில்லிங், இன்சூரன்ஸ் பேப்பர், அக்ரெடிட்டேஷன் ஃபைல்னு உக்காந்திருக்காங்க. பெட்சைடு டீச்சிங்குக்குன்னு தனி ரெஜிஸ்டரே இருக்கு, தினமும் அதுல கையெழுத்து வாங்கிடறாங்க. டீச்சிங்தான் நடக்கல.

கே.வி.குப்பம்_டாக்டர்

எம்.பி.பி.எஸ். முடித்து இந்தப் பக்கம் கிராமத்தில் பொது மருத்துவம் பார்ப்பவன். டாக்டர்கள் நிலைமையையும் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள்.

2002-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் கொண்டுவந்த நடத்தை விதிகளில் டாக்டர்களுக்கு 5 வருஷத்துக்கு 30 மணி நேரம் சி.எம்.இ. (மருத்துவத் தொடர்கல்வி) என்று போட்டார்கள். உங்களுக்கு 150, எங்களுக்கு 30! 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளை வெளியிட்டு, அதே மாதம் அதை நிறுத்தியும் வைத்தது. ஆகவே பழைய கணக்குதான் ஓடுகிறது. எங்களுக்கு வகுப்புக்குப் பஞ்சமே இல்லை. எம்.ஆர். (மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி) வந்து அழைப்பிதழ் வைப்பார், ஹோட்டலில் சாயங்காலம் 7 மணிக்கு ஒரு பேச்சு, பிறகு சாப்பாடு. மருந்துக் கம்பெனியிடம் டாக்டர்கள் பரிசு, பயணச் செலவு வாங்கக் கூடாது என்று 2009-லேயே விதி வந்தது. 2024-ல் கம்பெனிகளுக்கும் சந்தைப்படுத்தல் விதிமுறை வந்தது. இருந்தாலும் எந்தத் தலைப்பில் வகுப்பு அதிகம் நடக்கிறது என்று பாருங்கள். புதிதாகச் சந்தைக்கு வந்த சர்க்கரை மாத்திரைக்கு நடக்கும். பாம்புக்கடிக்கு நடக்காது, அதில் விற்க ஒன்றுமில்லை. அந்தக் கூட்டத்துக்கும் டாக்டரைத்தான் கூப்பிடுவார்கள். ஊசியைப் போடுகிற நர்ஸை யாரும் கூப்பிட்டதாக நான் பார்த்ததில்லை.

உட்கார்ந்து கேட்கும் கூட்டங்களால் என்ன மாறுகிறது என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். 2009-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் குழு 80-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கூட்டத்துக்குப் போய் வந்தவர்களின் நடைமுறையில் வந்த முன்னேற்றம் நடுக்கணக்காக 6 சதவீதம்தான். பேச்சோடு கலந்துரையாடலும் செய்முறையும் சேர்ந்த இடத்தில் பலன் கூடுதல். மேட்ரன் மேடம் சொல்வதும் இதைத்தான், அவர் அனுபவத்திலிருந்து சொல்கிறார்.

இதே ஊரில் நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. சி.எம்.சி.யின் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) தொலைதூரக் கல்விப் பிரிவு 2006-ல் குடும்ப மருத்துவத்தில் இரண்டு வருஷ முதுநிலை டிப்ளமோ தொடங்கியது. அச்சடித்த பாடம், வீடியோ, நடுவில் சில நாட்கள் நேரடி வகுப்பு. கிளினிக்கை மூடாமல் படிக்கலாம். "தலைவலியோடு ஒருவர் வருகிறார், என்ன செய்வாய்" என்று பிரச்சினையிலிருந்து ஆரம்பிக்கும் பாடங்கள், நோயின் பெயரிலிருந்து அல்ல. வேலையை விட்டு வர முடியாதவனை மனசில் வைத்துத் திட்டமிட்ட படிப்பு என்பதால்தான் என் போன்றவர்கள் சேர முடிந்தது. நர்ஸுக்கும் லேப் ஆட்களுக்கும் இதே யோசனையில் ஏன் செய்யக் கூடாது?

பில்லிங்_பக்கத்து_ஆள்

நான் எதிர்த் தரப்பு. இந்த மாவட்டத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் நிர்வாகம் பார்க்கிறேன். திட்டுவதற்கு முன் கேளுங்கள்.

ஒரு நர்ஸை ஒரு நாள் வகுப்புக்கு அனுப்பினால் அந்த ஷிஃப்டுக்கு வேறு ஆள் வேண்டும், அதற்கு டபுள் டூட்டிச் சம்பளம். வகுப்புக் கட்டணம், போக வர பஸ் செலவு. அதைக்கூட விடுங்கள். ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டர் பார்க்கப் பழக்கிவிட்டால் ஆறு மாதத்தில் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விடுகிறார்கள், இல்லாவிட்டால் கல்ஃப். நான் செலவு செய்து வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆள் தயார் செய்து கொடுக்கிறேன். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வது தப்பு என்று எனக்கும் தெரியும், நாங்கள் செய்வதில்லை, செய்கிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதும் புரிகிறது.

குடியாத்தம்_சிஸ்டர்

சார், வெளிப்படையாகப் பேசியதற்கு நன்றி. பயிற்சி கொடுத்தால் போய்விடுகிறார்கள் என்கிறீர்கள். கொடுக்காதபோதும் போகத்தானே செய்கிறார்கள்? என்னோடு சேர்ந்த பெண்களில் பாதிப் பேர் இப்போது இங்கே இல்லை, அவர்களை யாரும் எந்த வகுப்புக்கும் அனுப்பியதில்லை. சம்பளம் ஒரு காரணம். "இங்கே இருந்தால் ஒன்றும் தெரியாமலே போய்விடும்" என்ற பயமும் ஒரு காரணம். என் ஜூனியர் ஒருத்தி இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

லேப்_வாணியம்பாடி

எங்களை யாரும் கணக்கிலேயே சேக்கலியே! டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) படிச்சவங்களுக்கு ரினியூவலும் இல்ல, கிரெடிட்டும் இல்ல. 2021-ல துணை மருத்துவத் தொழிலாளர்களுக்குன்னு மத்திய அரசு சட்டம் போட்டுது. லேப், பிசியோ, ரேடியாலஜி எல்லாம் அதுல வருது. ஆனா இன்னிக்கு வரைக்கும் என்னை யாரும் "வகுப்புக்கு வா"ன்னு கூப்பிட்டதில்ல. புது மெஷின் வந்தா கம்பெனிக்காரன் வந்து பட்டனைக் காட்டிட்டுப் போவான், அவ்ளோதான் எங்க தொடர்கல்வி.

ஆனா தெரிஞ்சுக்க வேண்டியது எவ்ளோ இருக்குன்னு ஒரு உதாரணம் சொல்றேன். நம்ம பக்கம் மலையடிவாரம், நிலக்கடலைக் காடு, செங்கல் சூளை. மழை வந்தா பாம்புக்கடி. கண்ணாடி விரியனோ சுருட்டையோ கடிச்சா ரத்தம் உறையாது. அதைப் பாக்கத்தான் 20 நிமிஷ டெஸ்ட். ரெண்டு மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்ல எடுத்து, ஆட்டாம அசைக்காம 20 நிமிஷம் வெச்சு, ஒரு தடவை சாய்ச்சுப் பாக்கணும். தண்ணியா ஓடினா விஷம் ஏறியிருக்குன்னு அர்த்தம். மெஷின் வேணாம், கரண்ட் வேணாம்.

இதுல முக்கியம் குழாய்தான். புதுசா, காஞ்சதா, கண்ணாடியா இருக்கணும். கண்ணாடி பட்டாதான் உறையற வேலை சரியா தொடங்கும். பிளாஸ்டிக் குழாய்ல எடுத்தா நல்ல ரத்தமும் உறையாம நிக்கும். சோப்புப் பவுடர் போட்டுக் கழுவின கண்ணாடிக் குழாயும் அப்படித்தான். இப்ப எல்லா லேப்லயும் பிளாஸ்டிக் வேக்குடெய்னர் குழாய்தான் கைக்கு வருது. அதுல எடுத்துப் பாத்துட்டு, விஷமே இல்லாத ஆளுக்குப் பத்து குப்பி ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) ஏத்தினா, அலர்ஜி ரியாக்ஷன்ல ஆள் போயிட வாய்ப்பிருக்கு. இதை எனக்கு எந்தக் காலேஜும் சொல்லித் தரல. ஒரு சீனியர் டெக்னீஷியன் டீ குடிக்கிறப்ப சொன்னாரு.

கே.வி.குப்பம்_டாக்டர்

அருமை தம்பி. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், இதைப் படிக்கும் நர்ஸ்களுக்காக. கட்டுவிரியன், நல்லபாம்பு கடித்தால் ரத்தம் நன்றாகவே உறையும். அதனால் டெஸ்ட் நார்மல் என்று நோயாளியைத் தூங்கவிடக் கூடாது. கண் இமை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ராத்திரி தரையில் படுத்திருந்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வந்தால் கட்டுவிரியனை நினையுங்கள், கடிவாய் தெரியாமலே இருக்கலாம். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழ்நாடு 2024 நவம்பரில் அறிவித்ததும் பல தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

அடுத்து ஸ்க்ரப் டைபஸ், புதரில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வருவது. நம்ம வேலூர் பக்கம் மழைக்காலத்தில் இருந்து பனிக்காலம் வரை ஏகத்துக்கு வரும் காய்ச்சல். முற்றிய நிலைக்கு எந்த மருந்து நல்லது என்று சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் 7 மையங்களில் ஏறத்தாழ 800 பேரை வைத்து ஆய்வு நடந்தது. 2023-ல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னலில் வந்தது. டாக்ஸிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவு. இறப்பு, குறையாத சிக்கல், விடாத காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணினால், ஒற்றை மருந்து கொடுத்த பிரிவுகளில் 47, 48 சதவீதம், இரண்டும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் 33 சதவீதம்.

இது வேலூரில் தொடங்கிய ஆராய்ச்சி. அமெரிக்காவில் அதைப் படித்துவிட்டார்கள். ஒடுகத்தூரிலும் பேரணாம்பட்டிலும் சின்ன ஆஸ்பத்திரிகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? டாக்டர் மருந்தை எழுதுவதற்கு முன்னால் அந்த நோயைச் சந்தேகப்பட வேண்டும். அதற்கு உடம்பில் கறுத்த பொருக்கைத் தேட வேண்டும், சிகரெட் சுட்ட இடம் போல இருக்கும், வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பில் பாவாடை நாடா அழுத்தும் இடம் என்று ஒளிந்திருக்கும். ஒரு பெண் நோயாளியிடம் அதைத் தேடிப் பார்க்கக்கூடியவர் நர்ஸ்தான். அவருக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

மலையடிவார_வி.எச்.என்.

பெரியவங்க எல்லாம் "வகுப்பே இல்ல"ன்னு எழுதறீங்க. எங்களை மாதிரி கிராம சுகாதார நர்ஸுங்களுக்கு வகுப்பு கொட்டிக் கிடக்கு. பிளாக்குல கூப்பிடுவாங்க, மாவட்டத்துல கூப்பிடுவாங்க, ஆன்லைன்ல கூப்பிடுவாங்க. என்ன சொல்லித் தர்றாங்கன்னு கேளுங்க. எந்த ஆப்ல எந்தக் கட்டத்துல என்ன நம்பரைப் போடணும், போன மாசம் விட்டுப்போன என்ட்ரி எப்ப முடியும், இதான். கர்ப்பிணியோட ரத்த அழுத்தம் ஏறினா அடுத்த அரை மணி நேரத்துல நான் என்ன பண்ணணும்ங்கறதுக்கு அஞ்சு நிமிஷம், பிக்மியில (கர்ப்பிணிகளைப் பதியற ஆன்லைன் தளம்) அதை எப்படிப் பதியணும்ங்கறதுக்கு ரெண்டு மணி நேரம்.

2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்ததுலேர்ந்து வீடு வீடா பிரஷர், சுகர் பாக்கறாங்க. நல்ல திட்டம், நான் குறை சொல்ல மாட்டேன். தன்னார்வலரா வர்ற பொண்ணுங்களுக்கு மெஷினைக் கட்டத் தெரியும். ஆனா களத்து மேட்டுலேர்ந்து வேகமா நடந்து வந்தவரை அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சுட்டுத்தான் பாக்கணும், தடியான கைக்குச் சின்ன கஃப் கட்டினா பிரஷர் கூடக் காட்டும், இதெல்லாம் திரும்பத் திரும்ப சொல்லணும். ஒரு தடவை மண்டபத்துல உக்கார வெச்சு ஸ்லைடு போட்டா பத்தாது. அந்த ஸ்லைடும் இங்கிலீஷ். ஸ்லைடு இங்கிலீஷ்ல, ஜோக்கு மட்டும் தமிழ்ல.

இன்னொண்ணு. தொழுநோய்க்குத் தேமல் அஞ்சுக்குள்ள இருந்தா முன்னாடி ரெண்டு மருந்து. 2025 ஏப்ரல்லேர்ந்து அவங்களுக்கும் மூணு மருந்து, ஆறு மாசம். நம்ம காட்பாடி பக்கத்துக் காரிகிரியில 1955-லேர்ந்து தொழுநோய்க்குன்னே ஆராய்ச்சி நிலையம் நடக்குது, ஊர் உலகமெல்லாம் அங்க வந்து கத்துக்கிட்டுப் போவுது. எனக்கு இந்த மாத்தம் எப்படித் தெரிஞ்சதுன்னா, அட்டையில மாத்திரை வேற மாதிரி இருக்கேன்னு நோயாளி கேட்டாரு. அப்புறம்தான் பி.எச்.சி.யில போய்க் கேட்டேன்.

மாத்திரை_ஆம்பூர்

பார்மசிஸ்ட் சார்பில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015 விதிப்படி 5 வருஷத்தில் இரண்டு புத்தாக்கப் பயிற்சி, ஒவ்வொன்றும் ஒரு நாள். இவ்வளவுதான் எங்கள் தொடர்கல்வி. அங்கே சொல்வது பெரும்பாலும் சட்டம்: ஹெச்-1 மருந்துக்கு (டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய, தனிக் கண்காணிப்பில் உள்ள மருந்து) தனி ரெஜிஸ்டர், மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், காசநோய் மருந்து விற்றால் தகவல் கொடுக்க வேண்டும். தேவையானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கவுண்ட்டரில் வந்து நிற்கிறவர் கேட்பது வேறு. "இந்த பிரஷர் மாத்திரையோட அந்த முட்டிவலி மாத்திரை சேர்த்துச் சாப்பிடலாமா?" அதற்குப் பதில் சொல்ல எங்களை யாரும் தயார் செய்வதில்லை.

லைசென்ஸில் ஒருத்தர் பெயர், கடையில் வேறு ஒருத்தர் என்று இருக்கும் இடங்களைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் இழை திசை மாறிவிடும். விட்டுவிடுகிறேன்.

நிர்வாகி

திசை மாறிய மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கல்லூரி என்று பெயர் போட்டுக் குற்றம் சொல்லும் பதிவுகள் வேண்டாம். "கையெழுத்து போட்டால் சர்டிஃபிகேட்" விளம்பரம் போட்டவரையும் தடை செய்தாயிற்று.

லேபர்ரூம்_ராணிப்பேட்டை

ரொம்ப நாளாய்ப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதுகிறேன். அரசு ஆஸ்பத்திரி லேபர் ரூமில் இருக்கிறேன். எங்கள் இடத்தில் ஒரு விஷயம் உருப்படியாய் நடந்தது.

பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு. எவ்வளவு போயிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொன்னால் எப்போதும் குறைத்துத்தான் சொல்லுவோம், எவ்வளவு அனுபவம் இருந்தாலும். 2023-ல் நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். தாயின் இடுப்புக்குக் கீழே மில்லி அளவு குறித்த பிளாஸ்டிக் விரிப்பு. அதில் அளவு ஏறியதும் காத்திருக்காமல், கர்ப்பப்பையைத் தடவிவிடுவது, கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸமிக் ஆசிட், சலைன், எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். ஒன்றுக்குப் பிறகு ஒன்று என்று நின்று பார்ப்பதில்லை. கடுமையான ரத்தப்போக்கும் அதனால் வரும் ஆபரேஷனும் இறப்பும் 60 சதவீதம் குறைந்தது. புது மருந்து ஒன்றுமே இல்லை, எல்லாம் நம் டிராலியில் இருப்பது.

எங்கள் மேடம் இதை வகுப்பாக எடுக்கவில்லை. மத்தியான ஷிஃப்ட் மாறும்போது, போகிறவர்களும் வருகிறவர்களும் சேர்ந்து இருக்கிற அந்த இருபது நிமிஷத்தில் டிரில் வைத்தார். ஒரு பயிற்சி மாணவியைப் படுக்கச் சொல்லி, சிவப்புத் தண்ணீரை விரிப்பில் ஊற்றிவிட்டு, "ஆரம்பிங்க" என்றார். முதல் தடவை டிரானெக்ஸமிக் ஆசிட் எந்த அலமாரியில் இருக்கிறது என்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ஆயாம்மாவும் டிரில்லில் உண்டு, பிளட் பேங்குக்கு ஓடுவது அவர்தானே. இப்போது அந்த மருந்து டிராலியின் மேல் தட்டில் சிவப்பு டேப் ஒட்டி இருக்கிறது. யாரும் சர்டிஃபிகேட் தரவில்லை.

ஒரு குறையும் உண்டு. அந்த மேடம் மாறுதலாகிப் போனதும் டிரில் நின்றுபோயிற்று. கொஞ்ச நாள் கழித்து நாங்கள்தான் கேட்டு மறுபடி ஆரம்பித்தோம். யாராவது ஒருத்தர் ஆர்வத்தில் ஓடுகிற விஷயமாக இருக்கும்வரை இப்படித்தான்.

பிசியோ_காட்பாடி

கேட்டால் "வீட்டிலேயே படிக்கலாமே" என்கிறார்கள். எந்த வீட்டில்? ஆண்கள் வகுப்புக்குப் போனால் சாயங்காலம் வந்து சாப்பிட்டுத் தூங்கலாம். எங்கள் டிபார்ட்மென்டில் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்றால் சனிக்கிழமை ராத்திரியே மாவு அரைத்து வைத்து, குழந்தையை மாமியாரிடம் கெஞ்சி விட்டுவிட்டு வருகிறார்கள். இதை யாரும் எழுதவில்லை என்பதால் எழுதினேன்.

ரிட்டயர்டு_மேட்ரன்

ராணிப்பேட்டைப் பிள்ளை எழுதியதைப் படித்து சந்தோஷம். அந்த டிரில்தான் சரி. நான் முன்னால் கோபமாய் எழுதினேன், ஆனால் நைட் டூட்டி தம்பி கேட்டதில் நியாயம் இருக்கிறது. கற்றுக்கொடுக்கிறவருக்கும் டூட்டியில் அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும். மீதி நேரத்தில் செய் என்றால் அது ரெஜிஸ்டரில் கையெழுத்தாகத்தான் முடியும்.

பிசியோம்மா, வீட்டு வேலைப் பேச்சு எங்கள் காலத்திலும் அப்படியே. மாறவே இல்லை.

பில்லிங்_பக்கத்து_ஆள்

இருபது நிமிஷம், ஷிஃப்ட் மாறும் நேரம், வெளியே அனுப்ப வேண்டாம், மாற்று ஆள் வேண்டாம். இது எங்களாலும் முடியும். ஆனால் ஒரு கேள்வி. எங்களிடம் வந்து சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? எங்கள் விசிட்டிங் டாக்டர்கள் பத்து நிமிஷம் நிற்க மாட்டார்கள்.

கே.வி.குப்பம்_டாக்டர்

மாதம் ஒரு தடவை நான் வருகிறேன் சார், தூரம் பெரிதில்லை. வர முடியாத வாரம் வீடியோவில். 2003-ல் அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோவில் எக்கோ என்று ஒன்று ஆரம்பித்தார்கள், இப்போது இந்தியாவிலும் பல இடங்களில் நடக்கிறது. ஸ்பெஷலிஸ்ட் பேசிக்கொண்டே போகிற வகுப்பு இல்லை அது. கிராமத்து ஆள் தன்னுடைய நோயாளியின் கதையைச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து யோசிப்பது. நம் தாலுகாவுக்குள் அப்படி ஒன்று செய்ய ஒரு போனும் ஒரு டி.வி.யும் போதும். பேச்சு தமிழில் இருக்கட்டும். மருந்துப் பெயரை இங்கிலீஷில் சொன்னால் யாருக்கும் கஷ்டமில்லை, காரணத்தைத் தமிழில் சொல்ல வேண்டும்.

பணம் வேண்டாம். நர்ஸ்களை மட்டும் அந்த இருபது நிமிஷம் வார்டிலிருந்து கூப்பிடாதீர்கள்.

நைட்_டூட்டி_நிரந்தரம்

எல்லாம் சரி டாக்டர், 150 மணி நேரத்துல இது எத்தனை சேரும்? பூஜ்யம்! கவுன்சில் அனுமதி வாங்கின நிகழ்ச்சிக்குத்தான் கிரெடிட். வார்டுல உயிரைக் காப்பாத்தறதைக் கத்துக்கிட்டா மார்க்கு இல்ல, ரசம் வெச்சா மார்க்கு உண்டு. அப்ப பொண்ணுங்க எதைத் தேடிப் போவாங்க?

ரிட்டயர்டு_மேட்ரன்

அதற்கும் வழி பார்க்கலாம். பக்கத்தில் இருக்கும் நர்சிங் கல்லூரி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, தலைப்பு, நோக்கம், எடுப்பவரின் தகுதி, முன்னும் பின்னும் வைக்கும் சின்னத் தேர்வு எல்லாம் எழுதி, முன்கூட்டியே மாநிலக் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தனியாக ஒரு சின்ன நர்சிங்ஹோம் அலைவதைவிட, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கல்லூரி மூலம் போனால் கதவு திறக்க வாய்ப்பு அதிகம். பேப்பர் வேலையை நான் செய்து தருகிறேன், எனக்கு இப்போது நேரத்துக்குப் பஞ்சமில்லை. அனுமதி வரும்வரை கிரெடிட் இல்லாமல் நடக்கட்டும். வருகிற பெண்கள் யார், வராதவர்கள் யார் என்பதும் தெரியும்.

குடியாத்தம்_சிஸ்டர்

இந்த இழையை பிரிண்ட் எடுத்து எங்கள் டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். முழுசாகப் படித்தார். புதன்கிழமை மத்தியான ஹேண்ட் ஓவருக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார், டூட்டி நேரமாகவே. முதலில் பாம்புக்கடி டெஸ்ட், அடுத்து ரத்தப்போக்கு டிரில். எங்கள் லேபில் கண்ணாடிக் குழாய் ஒன்றுகூட இல்லை, ஆர்டர் போட்டாயிற்று. வெளியே ஒரு நாள் வகுப்புக்கு ஓ.டி. கேட்டேன், அதற்கு மட்டும் "பார்க்கலாம்" என்றார். சொந்த லீவில்தான் போக வேண்டியிருக்கும் போல.

மேடம், விண்ணப்பத்துக்கு என்னென்ன காகிதம் என்று எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். கே.வி.குப்பம் டாக்டர், எந்தப் புதன் உங்களுக்கு வசதி?

மாத்திரை_ஆம்பூர்

பார்மசிஸ்ட்டுகளும் வந்து உட்காரலாமா?

குடியாத்தம்_சிஸ்டர்

வாங்க அண்ணா. அந்த முட்டிவலி மாத்திரை கேள்வியையும் எடுத்துட்டு வாங்க, எங்க வார்டுலயும் அதைத்தான் கேக்கறாங்க.

லேப்_வாணியம்பாடி

குழாய் ஆர்டர்ல "போரோசிலிகேட்"னு எழுதியிருக்கான்னு பாத்துக்குங்க சிஸ்டர். வந்ததும் கழுவிடாதீங்க.